மும்பை மழையும் 25 கிலோ பொன்னியும்

நீங்கள் கல்யாணமாகி மதுரையிலிருந்து மும்பையின் முலுண்டுக்கு வந்து ஒன்றரை வருடம். ஒரு படுக்கையறை ஃபிளாட். ஊரிலிருந்து அம்மா அனுப்பிய 25 கிலோ பொன்னி போன ஆகஸ்டில் வண்டு விழுந்து பாதிக்கு மேல் வீணானது. ரவையில் நூல் கட்டிப் புழு. அப்பளம் ஈரத்துணி மாதிரி தொங்கியது. இப்போது சமையலறையைப் புதுப்பிக்கும் ஆசாரி, ஆளுயரத்துக்கு இழுத்துத் திறக்கும் பாண்ட்ரி அலமாரி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். போடலாமா, அதில் எத்தனை மாதச் சாமான் வாங்கி வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

போட வேண்டாம். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வியை எங்கள் டோம்பிவிலி கட்டடத்திலும் இரண்டு பேர் கேட்டார்கள்.

நான் திருநெல்வேலிப் பக்கம். எண்பதுகளில் மும்பைக்கு வந்து மஸ்ஜித் பந்தர் பக்கம் தானா பந்தரில் ஒரு தானிய மொத்த வியாபாரியிடம் கணக்கெழுத உட்கார்ந்தேன். தொண்ணூறுகளில் வியாபாரம் நவி மும்பையில் உள்ள வாஷிக்குப் போனபோது நானும் போனேன். அங்கே குடோன் பொறுப்பு. முப்பது வருடம் மூட்டைகளுக்கு நடுவிலேயே போயிற்று. வீட்டில் எப்படி என்றால், முதலில் தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, அப்புறம் குர்லாவில் தரைத்தளம், இப்போது டோம்பிவிலி. ஆயிரம் மூட்டையைக் கெடாமல் காத்தவன் வீட்டில் ஐந்து கிலோ ரவையைக் காக்கத் தெரியாமல் திட்டு வாங்கியதும் உண்டு.

ஊரில் சாமான் கெட்டால் 'ரொம்ப நாள் ஆகிவிட்டது' என்போம். மும்பையில் நாளைவிடக் காற்றைத்தான் பார்க்க வேண்டும். ஜூன் 11-ஐ ஒட்டி இங்கே மழை இறங்கும், அக்டோபர் முதல் வாரம் வரை இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் எண்பது சதவீதத்துக்கு மேலேயே நிற்கும். உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கல்லுப்பில் மக்னீசியம் குளோரைடும் கொஞ்சம் கலந்திருப்பதால் அது இன்னும் சீக்கிரம் கசியும். ஆக உங்கள் வீட்டு உப்பு ஜாடிதான் உங்களிடம் இருக்கும் நல்ல ஈரமானி. உப்பு நீர் கோர்த்த அன்றைக்கு அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாமே மூடி இடுக்கு வழியாக அதே காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும்.

அரிசிக்கு ஈரம் ஏறினால் என்ன ஆகும்? குடோனில் மூட்டை வந்தவுடன் குத்தூசியால் குத்தி நாலு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிப்போம். 'டக்'கென்று உடைந்தால் உள்ளே வரும், நசுங்கினால் திரும்பிப் போகும். கருவி வந்த பிறகும் பழைய ஆட்கள் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் கருவியை வைப்பார்கள். தானியத்தில் ஈரம் 12, 13 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சை வராது, வண்டும் சுறுசுறுப்பாகப் பெருகாது. 14-ஐத் தாண்டினால் இரண்டுக்கும் கொண்டாட்டம். மதுரையில் நன்றாகக் காய்ந்து மூட்டையான அரிசியை முலுண்டில் ஜூலை மாதம் சாக்கோடு வைத்தால், சில வாரங்களில் அது இந்த ஊர் ஈரத்துக்கு வந்துவிடும். அம்மா அனுப்பிய அரிசியில் குறையில்லை.

வண்டு எங்கிருந்து வந்தது என்று குழம்பியிருப்பீர்கள், மூடித்தானே வைத்தோம் என்று. அது வெளியிலிருந்து வர வேண்டிய அவசியமே இல்லை. அரிசியில் வரும் மூக்கு நீண்ட வண்டு, மணியில் துளை போட்டு உள்ளே முட்டையிட்டு, துளையைப் பசை மாதிரி ஒன்றால் அடைத்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. புழு உள்ளேயே தின்று வளர்ந்து, நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். ஆலையிலோ லாரியிலோ கடையிலோ விழுந்த முட்டை உங்கள் டப்பாவில் பொரிக்கிறது. ரவையில் நூல் கட்டுவது வேறு ஆள், அந்துப்பூச்சியின் புழு. பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலையில் ஓட்டை போடுவது இன்னொரு வண்டு. அது முழுப் பயறின் தோல்மேல்தான் முட்டையை ஒட்டும். வெள்ளைப் புள்ளியாகக் கண்ணுக்கே தெரியும். உடைத்துத் தோல் நீக்கிய பருப்பு அதற்கு அவ்வளவு பிடிக்காது. அதனால் முழுப் பயறைக் கொஞ்சமாகவும் உடைத்த பருப்பைக் கூடுதலாகவும் வாங்கலாம்.

இப்போது ஆசாரியின் அலமாரிக்கு வருவோம். படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். கண்ணாடி ஜாடிகள், ஒரே மாதிரி மூடிகள். ஆனால் ஒட்டுப்பலகைப் பெட்டி அது. முதுகு சுவரை ஒட்டி இருக்கும். முலுண்டு ஃபிளாட்டுகளில் சமையலறைச் சுவரில் ஒன்று பெரும்பாலும் வெளிச்சுவர். மழை நாலு மாதமும் அதில் ஓதம் ஏறும். ஒரு பக்கம் குக்கர் ஆவி, இன்னொரு பக்கம் தொட்டி, நடுவில் காற்றே புகாத பெட்டி. கீல் மூலைகளில் கரப்பான் குடும்பம் நடத்தும். ஒரு வண்டு விழுந்த டப்பா இருந்தால் பக்கத்து டப்பாக்களுக்கு அது நடந்தே போகும். அந்தப் பணத்தில் நல்ல எவர்சில்வர் டிரம் நாலும் இறுக்க மூடி ஜாடி இருபதும் வாங்கி, மீதியில் ஒரு பட்டுப்புடவையும் எடுக்கலாம்.

குடோனில் மூட்டையைத் தரையில் வைக்க மாட்டோம், மரச்சட்டத்தின் மேல்தான். சுவரிலிருந்து இரண்டடி தள்ளித்தான் அடுக்குவோம். ஆள் நடக்க வழி என்று வெளியார் நினைப்பார்கள். காற்று நடக்கவும்தான். வீட்டுக்கு இரண்டடி வேண்டாம், மூன்று விரல் போதும். திறந்த இரும்பு ரேக் ஒன்று, முதல் தட்டு தரையிலிருந்து ஓரடி உயரத்தில், முதுகு சுவரில் படாமல். சமையலறையிலேயே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் உள்ள உட்சுவர்தான் ஃபிளாட்டிலேயே காய்ந்த சுவர். எங்கள் அரிசி டிரம் பத்து வருடமாகப் படுக்கையறையில்தான் இருக்கிறது. வருகிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சமையலறையில் அந்தந்த வாரத்துக்கு வேண்டியது மட்டும் சின்ன டப்பாக்களில் இருந்தால் போதும்.

ஊரில் பெரிய வீடுகளில் இதற்கென்றே தனி அறை இருந்தது. உக்கிராணம் என்பார்கள், சரக்கறை என்பார்கள், எங்கள் பக்கம் வெறுமனே சாமான் ரூம்தான். ஜன்னல் சிறிதாக, இருட்டாக, வீட்டின் நடுவில் இருக்கும். பரணில் பானை அடுக்கு, உத்திரத்தில் உறி. கருப்பட்டியை அடுப்புக்கு நேர் மேலே பரணில் வைப்பாள் என் அம்மா. விறகுப் புகையும் சூடும் ஏறி, ஐப்பசி அடைமழையிலும் அது கசியாது. அதைக் கேஸ் அடுப்புக்கு மேலே செய்து பார்த்தேன். கேஸ் எரியும்போது புகை வருவதில்லை, நீராவிதான் வருகிறது. ஒரே வாரத்தில் கருப்பட்டி பாகாகி அலமாரி வழியே ஒழுகியது. ஆகவே அடுப்புக்கு மேல் தட்டில் எதையும் வைக்காதீர்கள், தட்டுமுட்டுப் பாத்திரம் தவிர. தொட்டிக்குக் கீழே சொல்லவே வேண்டாம்.

கீழ்த்தட்டு விஷயத்தில் எனக்குக் கிடைத்த பாடம் வேறு மாதிரி. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. நான் வாஷியிலிருந்து வீடு வந்து சேர மறுநாள் மாலை ஆயிற்று. குர்லா வீட்டில் இடுப்பளவு தண்ணீர் வந்து வடிந்திருந்தது. மேல்தட்டில் இருந்த அவலும் பொட்டுக்கடலையும்தான் பிள்ளைகளுக்கு அன்றைய சாப்பாடு. கீழே இருந்த டிரம்கள் மிதந்து கவிழ்ந்து கிடந்தன. ஒரு டிரம்மின் மூடி திறக்கவே இல்லை, உள்ளே அரிசி காய்ந்த மாதிரிதான் தெரிந்தது. மனசு கேட்காமல் வைத்துக்கொள்ளலாம் என்றேன், வீட்டம்மா விடவில்லை. அவள் செய்ததே சரி. வெள்ளத் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும், இறுக்கமில்லாத மூடி என்றால் உள்ளே போயிருக்கும். நீங்கள் நான்காவது மாடி என்பதால் உங்களுக்கு இந்தக் கவலை இல்லை.

எவ்வளவு வாங்கலாம்? இரண்டு பேருக்கு மாதம் ஆறு முதல் எட்டு கிலோ அரிசி ஆகும். 25 கிலோ மூட்டை மூன்று மாதத்துக்கு மேல் வரும். டிசம்பரிலிருந்து மே வரை அது பரவாயில்லை. ஜூனுக்கு மேல் வீட்டில் ஒரு மாத அரிசிக்கு மேல் சும்மா கிடக்கக் கூடாது என்பது என் கணக்கு. 2020 ஊரடங்கில் பயந்து ஐம்பது கிலோ, எழுபது கிலோ என்று வாங்கிப் போட்டவர்கள் ஜூலையில் முறமும் கையுமாக உட்கார்ந்ததைப் பார்த்தோமே. இன்னொன்று, மூட்டையில் 25-க்குப் பதில் 26 என்று எழுதியிருந்தால் குழம்பாதீர்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பையில் அடைத்த அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும், ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டிவிட்டார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

அரிசியிலும் எல்லாம் ஒன்றில்லை. புழுங்கல் மணி இறுகியது, வண்டு துளைக்கச் சிரமப்படும். பச்சரிசியில் சுலபமாக இறங்கும். கைக்குத்தல், தவிடு நீக்காத அரிசி உடம்புக்கு நல்லது என்று ஐந்து கிலோ வாங்கி வைக்கிறார்கள். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, அது இந்த வெக்கையில் சிக்கு வாடை அடித்துவிடும். ஒரு கிலோ, இரண்டு கிலோவாக வாங்குங்கள். கம்பு மாவு இன்னும் மோசம், அரைத்த சில நாளிலேயே கசக்கும். கம்பாக வைத்திருந்து வேண்டும்போது அரையுங்கள். கோதுமையும் அப்படித்தான். முழுக் கோதுமை வருடம் தாங்கும், மாவு தாங்காது.

இதை இந்த ஊரில் நன்றாகத் தெரிந்தவர்கள் உங்கள் பக்கத்து வீட்டுக் குஜராத்திக்காரர்கள்தான். முலுண்டில் அவர்களுக்குக் குறைவில்லை. வெயில் காலத்தில் வருடத்துக்கான கோதுமையை மொத்தமாக வாங்கி, பொறுக்கி, விளக்கெண்ணெயைக் கையில் தடவி அந்தக் கையால் கோதுமையைப் பிசிறுவார்கள். பளபளப்பு மட்டும் தெரிய வேண்டும், பிசுக்கு தெரியக் கூடாது. அப்புறம் தகர 'கோட்டி'யில் கொட்டி மூடிவிடுவார்கள். தானிய டிரம்மைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். திருநெல்வேலிக்காரனுக்குக் கோட்டி என்றால் பைத்தியம். முதன்முதலில் ஒரு குஜராத்தி அம்மாள் என்னிடம் 'எங்கள் வீட்டில் மூன்று கோட்டி இருக்கிறது' என்றபோது எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. விளக்கெண்ணெய் செய்யும் வேலை எளிது. முட்டைக்குக் காற்றுப் போகாமல் அடைக்கிறது, வழவழப்பில் வண்டுக்குக் காலும் நிற்பதில்லை. கடையில் எண்ணெய் பூசிய துவரம்பருப்பு என்று கேட்டாலே கொடுப்பார்கள். பருப்புக்கு நல்ல வழி, வேகவைக்கும் முன் வெந்நீரில் இரண்டு தடவை கழுவ வேண்டும். அரிசிக்கு நான் சொல்ல மாட்டேன், நம் சோற்றில் அந்த வாடை தெரியும். எண்ணெயும் உண்ணத் தகுந்தது என்று பார்த்து வாங்குங்கள்.

அரிசிக்குக் குளிர்தான் சிறந்த வழி. உறைபெட்டியில் கழித்தல் 18 டிகிரியில் நாலைந்து நாள் இருந்தால் முட்டை, புழு, வண்டு எல்லாம் செத்துவிடும். உங்கள் பிரிட்ஜில் இரண்டு மூன்று கிலோதான் பிடிக்கும் என்றால் தவணை முறையில் செய்யுங்கள், ஒரு பொட்டலத்துக்கு ஒரு வாரம். வெளியே எடுத்தவுடன் பிரிக்காதீர்கள், இதில்தான் எல்லாரும் தப்பு செய்கிறார்கள். குளிர்ந்த அரிசிமேல் மும்பைக் காற்று பட்டால் சோடா பாட்டில் மாதிரி வேர்க்கும். கட்டிய பை கட்டியபடியே ஒரு ராத்திரி வெளியில் இருந்து அறைச் சூட்டுக்கு வரட்டும், அப்புறம் டிரம்மில் கொட்டுங்கள். ரவைக்கும் இதேதான். வெறும் வாணலியில் சூடேற வறுத்து ஆறவைத்தாலும் சரி.

வெயிலில் போடுவதா? பருப்பு, பயறு, மிளகாய், புளி எல்லாவற்றையும் தாராளமாகப் போடுங்கள். அரிசியைச் சுள்ளென்ற வெயிலில் போட்டால் மணி வெடித்து நொய்யாகும். வண்டு வந்துவிட்டால் நிழலும் வெயிலுமான இடத்தில் மெல்லியதாகப் பரப்புங்கள், அதுவே ஓடும். டப்பாவில் அடைக்கும் நேரமும் முக்கியம். ஒரு நாளில் காற்று மிகவும் காய்ந்திருப்பது பிற்பகலில்தான். வெயிலிலிருந்து எடுத்ததை நிழலில் ஆறவிட்டு, சாயங்காலத்துக்குள் மூடிவிடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்க்கும், ராத்திரி திறந்து கிடந்தால் ஈரம் திரும்ப ஏறும்.

டப்பாவை விளிம்பு வரை நிரப்புவதும் ஒரு தந்திரம். இறுக்கமாக மூடி, உள்ளே காற்று குறைவாக இருந்தால், இருக்கிற நாலு வண்டு இருக்கிற பிராணவாயுவைத் தீர்த்துவிட்டுத் தானே சாகும். பாதி காலியான 20 கிலோ டிரம்மில் இது நடக்காது. அதனால் ஒரு பெரிய டிரம்முக்குப் பதில் ஐந்து கிலோ பிடிக்கும் நாலைந்து சின்னது வையுங்கள். ஒன்றைத் திறந்தால் அது தீர்ந்த பிறகே அடுத்தது. மூடியில் தேதி எழுதி ஒட்டுங்கள், பழையது முன்னால், புதியது பின்னால். குடோனில் இதைத் தவறவிட்டதற்கு ஒருமுறை என் போனஸ் போயிருக்கிறது. சாதாரண எவர்சில்வர் டப்பா மூடி அவ்வளவு இறுக்கம் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். டப்பா வாய்க்கும் மூடிக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து மூடினால் பாதிக் குறை தீரும். நன்றாகக் காய்ந்த இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் ரவையை அடைத்து வைத்துப் பாருங்கள், பார்க்க அசிங்கம், ஆனால் அதைவிட இறுக்கமான மூடி வீட்டில் இல்லை.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய பூச்சிப் பொறி ஒன்று உண்டு. சின்னச் சின்னத் துளை போட்ட குழாய், அடியில் வழுவழுப்பான கூம்பு. அரிசிக்குள் செருகி வைத்தால் வண்டு காற்றைத் தேடித் துளைக்குள் வந்து கீழே விழுந்துவிடும், ஏற முடியாது. வண்டு பெருகுவதற்கு முன்பே தெரிந்துவிடும் என்பதுதான் இதில் லாபம். ஊருக்குப் போகும்போது கிடைத்தால் ஒன்று வாங்கி வாருங்கள்.

வேப்பிலை, காய்ந்த மிளகாய் எல்லாம் போடலாமா என்பீர்கள். போடுங்கள், கெடுதல் இல்லை, கொஞ்சம் விரட்டும். ஆனால் உள்ளே இருக்கும் முட்டையை அது என்ன செய்யும்? வேப்பிலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சையாகப் போட்டு நாமே ஈரத்தைச் சேர்க்கக் கூடாது. வசம்பு நிஜமாகவே வேலை செய்யும், ஆனால் விதைக்குத்தான். சாப்பிடும் அரிசியில் அதைப் பொடித்துத் தூவாதீர்கள். சில மளிகைக் கடைகளில் தானியத்தில் போட 'பாரா' மாத்திரை என்று ஒன்று கொடுப்பார்கள். பாரா என்றால் பாதரசம். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குடோனில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைத் தெரிந்தவர் ஒருவர் கொண்டுவந்து 'ஒன்று போட்டால் போதும்' என்பார். அதிலிருந்து வருவது பாஸ்பீன் வாயு. வண்டைக் கொல்லும் அதே வேகத்தில் தூங்குகிற மனிதரையும் கொல்லும். தார்ப்பாய் போட்டு மூடி, ஆளையெல்லாம் வெளியேற்றி, உரிமம் உள்ளவர்கள் செய்யும் வேலை அது. வீட்டில் வைத்து உயிர் போன செய்தி எத்தனையோ முறை வந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் யார் பேச்சையும் கேட்காதீர்கள்.

எதைத் தூக்கிப் போட வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். வண்டு விழுந்த அரிசி விஷமில்லை. புடைத்து, கழுவி, மிதப்பதை வடித்துவிட்டுச் சமைக்கலாம், ருசி குறையும், அவ்வளவுதான். மாவிலும் ரவையிலும் செவ்வண்டு பெருகி மூக்கில் ஏறும் காட்டம் அடித்தால் கொட்டிவிடுங்கள், அந்த வாடை வண்டு கக்கும் ரசாயனம். பூஞ்சை கட்டிய நிலக்கடலை, கொப்பரை, மிளகாய் ஆகியவற்றில் தயவே காட்டாதீர்கள். அதில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் போகாது. கடலை கசந்தால் துப்பிவிட்டு மொத்தப் பொட்டலத்தையும் எறியுங்கள்.

மழைக்கு முன்னால் செய்ய வேண்டிய கொள்முதல் ஒன்றிரண்டு உண்டு. மராத்தி வீடுகளில் வெயில் காலத்தில் அப்பளம், குர்டை என்ற கோதுமை வடாம் எல்லாம் மொட்டை மாடியில் காய்வதைப் பார்த்திருப்பீர்கள், வாளவண் என்பார்கள். நம் கூழ்வடாம், மோர்மிளகாய், சுண்டைக்காய் வற்றல் எல்லாவற்றுக்கும் அதே ஏப்ரல், மேதான் காலம். மிளகாய்க்கு ஒருமுறை லால்பாக் மிளகாய்ச் சந்துக்குப் போய் வாருங்கள். பேடகி, சங்கேஸ்வரி, குண்டூர் என்று குவித்திருப்பார்கள். வாங்கி, காயவைத்து, அங்கேயே இடித்து வாங்கி வரலாம். தும்மாமல் திரும்பியவர் இல்லை. நம் குண்டு மிளகாய் வேண்டுமென்றால் மாட்டுங்கா கடைகள்தான். இடித்த தூளில் மராத்திப் பெண்கள் கட்டிப் பெருங்காயம் ஒரு துண்டு போட்டு அடைப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், வாசமும் நிற்கிறது. புளி மாசி, பங்குனியில் புதிதாக வரும். கொட்டை, கோது நீக்கி உப்புச் சேர்த்துக் காயவைத்துப் பீங்கான் ஜாடியில் அமுக்கி வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். அலுமினியத்திலும் பித்தளையிலும் மட்டும் வைக்கக் கூடாது. வடாம் டப்பாவுக்கு அடியில் செய்தித்தாள் விரிப்பதை நிறுத்துங்கள், அச்சு மை உணவில் ஒட்டும்.

வெங்காயத்துக்குத் தனிக் கதை. மார்ச்சிலிருந்து மே வரை நாசிக் பக்கம் எடுக்கும் வெங்காயம்தான் வைத்துத் தின்னத் தோதானது. அங்கே அதற்கென்று இடைவெளி விட்ட கட்டையால் நீளமாகக் கொட்டகை கட்டுவார்கள், பெயர் 'காந்தா சாள்', வெங்காயச் சாள். மனிதர் வரிசை அறைகளில் குடியிருக்கும் மும்பைச் சாளைவிட அதில் காற்றோட்டம் அதிகம் என்று எங்கள் முதலாளி சொல்லிச் சிரிப்பார். வீட்டில் ஒரு வலைப்பையில் போட்டு ஜன்னலோரம் தொங்கவிடுங்கள், நம் உறிதான் அது. உருளைக்கிழங்கோடு சேர்த்து வைக்காதீர்கள். தீபாவளியை ஒட்டி வரும் வெங்காயம் தாங்காது, வாரத்துக்கு வாரம் வாங்குங்கள்.

காபிப்பொடியை மாட்டுங்காவில் கண்ணெதிரே அரைத்துத் தருகிறார்கள் என்று அரைக் கிலோ வாங்காதீர்கள். சிக்கரி ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும். மழையில் நூறு, இருநூறு கிராம் போதும். வெல்லம் பிரிட்ஜில் இருக்கட்டும். முந்திரி, வறுத்த கடலை, எள்ளும் அங்கேதான். நல்லெண்ணெய் மற்ற எண்ணெய்களைவிட நாள்படத் தாங்கும், கடலை எண்ணெயை ஐந்து லிட்டராக வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைக்காதீர்கள்.

அம்மா இந்த வருடமும் மூட்டை அனுப்பப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். வேண்டாம் என்று சொல்லி மனசை நோகடிக்க வேண்டாம். இது ஏப்ரல். பத்து கிலோ இப்போது வரட்டும், ஜூன் பாதிக்குள் தீர்ந்துவிடும். மீதிப் பதினைந்தைத் தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது ரயிலில் எடுத்து வந்துகொள்ளுங்கள். அதுவரை அது மதுரையில் அம்மா வீட்டிலேயே பழசாகட்டும். பொன்னி பழசானால்தான் சோறு உதிரியாக வரும் என்று அம்மாவுக்கே தெரியும். நடுவில் ஜூன் பாதியிலிருந்து தீபாவளி வரை முலுண்டு கடையில் ஐந்து ஐந்து கிலோவாக வாங்குங்கள். கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடத்தான் ஆகும், போன வருடம் குப்பையில் கொட்டியதைவிடக் குறைவு.